'ம்' சொன்ன டிரஸ்டி

பேசிக் கெட்டவர்களைப் பற்றி ஊரில் நிறையக் கதை உண்டு. நான் பேசாமல் கெட்டவன்.

ஒரே ஒரு எழுத்து. அதுவும் முழு எழுத்து இல்லை. தலையில் புள்ளி வைத்த அரை எழுத்து. 'ம்'. அதைச் சொல்லித்தான் ஒரு ஆடித்தபசு அன்று, சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில், பன்னிரண்டு மூட்டைச் சரக்கைக் காற்றில் விட்டேன். (பேச்சுக்குச் சொல்லவில்லை. பஞ்சு உண்மையிலேயே பறந்தது.)

எங்கள் வீட்டில் 'ம்' என்றால் ஆமாம். 'ம்' என்றால் இல்லை. 'ம்' என்றால் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மேலே சொல். 'ம்' என்றால் காதில் விழவில்லை, ஆனாலும் திரும்பச் சொல்ல வேண்டாம். எந்த நேரம் எது என்பது என் பெண்டாட்டி வடிவுக்கு மட்டும் தெரியும். (பாதி நாள் அவளுக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி இருந்துகொள்வாள்.)

படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. எனக்கும் வருத்தமில்லை, வாத்தியாருக்கும் வருத்தமில்லை. வத்தல் கமிஷன் கடையில் எடை போடும் வேலை. வத்தல் என்றால் மிளகாய் வத்தல். பெரிய தராசில் மூட்டையைத் தூக்கி வைப்பார்கள். நான் எடை பார்த்து உரக்க எண்ணிச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் ஒன்று என்று சொல்ல மாட்டோம். முதல் மூட்டைக்கு 'லாபம்' என்று சொல்லித்தான் ஆரம்பிப்போம். லாபம், ரெண்டு, மூணு. இப்படி நாள் முழுக்கக் கத்துவேன். கடை மூடியதும் வாயையும் மூடிவிடுவேன். ஒரு நாளைக்கு மனிதனுக்கு எவ்வளவு சத்தம் வேண்டுமோ அது கடையிலேயே தீர்ந்துவிடும்.

இப்படிப்பட்டவனை டிரஸ்டி ஆக்கினார்கள். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும்.

கடை முதலாளி ஒரு நாள் கூப்பிட்டார். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்போம். கோமதிநாயகம் என்ற என் பேரை அவர் கோமதி என்று சுருக்கிவிடுவார்.

"ஏலே கோமதி, இங்கன வா. டிரஸ்டியா இருக்கியா?"

வத்தல் நெடியில் எனக்குப் பாதிக் காது அடைத்துத்தான் இருக்கும். 'டிரஸ்' என்று விழுந்தது. தீபாவளிக்குத் துணி எடுத்துத் தரப்போகிறார் என்று நினைத்தேன்.

"ம்" என்றேன்.

"அவ்வளவுதான். இவன்தான் சரியான ஆளு. எதையும் மறுத்துப் பேச மாட்டான்."

தீபாவளி வந்தது. துணி வரவில்லை. கூட்டத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

டிரஸ்ட் என்பது ஊர்க் கோடியில் இருந்த ஒரு பெண் பிள்ளைகள் விடுதி. எஸ்தர் டீச்சர் என்று ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆரம்பித்தது. வானம் பார்த்த பூமியில் இருக்கும் ஊர்களில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது. அங்கிருந்து பதினான்கு பிள்ளைகள் வந்து தங்கிப் படித்தார்கள். அதில் ஒருத்தி என் தங்கை மகள் பேச்சியம்மாள். ஒன்பதாம் வகுப்பு. எங்கள் குடும்பத்துக்கு உண்டான பேச்சு முழுவதும் அவளுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. நாங்கள் மற்றவர்கள் மிச்சத்தை வைத்துச் சமாளித்தோம்.

டிரஸ்டிகள் ஐந்து பேர். அண்ணாச்சி தலைவர். டீச்சர் செயலாளர். அப்புறம் ஒரு கம்பவுண்டர், ஒரு தையல்கடைக்காரர், நான். ஒவ்வொரு கூட்டத்திலும் டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிரஸ்ட் பத்திரத்தில் ஒரு பக்கம் வாசிப்பார். நாங்கள் முறுக்கு தின்போம். அந்த ஆனி மாதக் கூட்டத்தில் வாசித்தது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

"நன்கொடை திரட்டும் காரியங்களை டிரஸ்டிகள் நேரில் மேற்பார்வை செய்ய வேண்டும்." வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். "நேரில்னு போட்டிருக்கு. கவனிச்சீங்களா?"

முறுக்குச் சத்தம் நின்றது.

"விடுதிக் கூரை ஓலை. மக்கிப்போச்சு. போன ஐப்பசியில பிள்ளைங்க சட்டி பானைக்கு நடுவுல உக்காந்து படிச்சாங்க. இந்த மழைக்குத் தாங்காது. அதுக்குள்ள ஓடு போடணும். போட முடியலன்னா விடுதியப் பூட்டிட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் வீட்டுல விட்டுட்டு வந்துருவேன். தலையில கூரை விழுந்த பெறவு அழுது என்ன செய்ய?"

"வீட்டுக்குப் போனா என்ன டீச்சர், ஒரு மாசம் இருந்துட்டு வரட்டும்" என்றார் தையல்கடைக்காரர்.

"மறுநாள் விடியக்காலம் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வாசல்ல நிக்கும். ஏறுன பிள்ளை திரும்பி வருமா?"

தீப்பெட்டி ஆபீஸ் என்றால் எங்களுக்குத் தெரியும். பேர்தான் ஆபீஸ். என் தங்கையே அங்கே குச்சி அடுக்கியவள்தான். அவள் விரல் நுனியில் இன்றைக்கும் ரேகை கிடையாது.

டீச்சர்தான் வழி சொன்னார். அம்பாள் சாமியைக் காண ஒற்றைக் காலில் தவம் நின்றதைக் கொண்டாடுகிற ஆடித்தபசுக்குச் சுற்றுவட்டாரம் முழுக்க வரும். விவசாயிகள் காட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து சாமிக்குச் சூறை விடுவார்கள். அதாவது பருத்தி, வத்தல், கடலை எதுவானாலும் சாமி வரும்போது கூட்டத்துக்கு மேலாக வாரி வீசுவார்கள். கீழே இருப்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். வீசினால் அடுத்த வருஷம் விளையும். பிடித்தாலும் விளையும். அப்படி ஒரு கணக்கு.

"அவங்க சூறைக்குக் கொண்டு வரதுல ஒரு படி பிள்ளைங்களுக்குக் கேப்போம். அத வித்து ஓடு வாங்குவோம்."

அண்ணாச்சி நெளிந்தார். "டீச்சர், நீங்க வேதக்காரங்க, ஏசு சாமியக் கும்பிடுதவங்க. தபசுல போயி நின்னு கேட்டா..."

"அம்பாள் ஒத்தக் கால்ல நின்னு கேட்டா. நான் ரெண்டு கால்ல நின்னு கேக்கேன். இதுல என்ன இருக்கு?"

அதற்கு மேல் அண்ணாச்சி நெளியவில்லை. வண்டி தருவதாகவும், காலிச் சாக்கு தருவதாகவும் ஒத்துக்கொண்டார்.

கூவிக் கேட்க மைக் செட் வேலாயுதத்தைப் பிடித்தார்கள். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம், எல்லாவற்றுக்கும் அவன் குரல்தான். கூலி வேண்டாம், பிள்ளைகள் காரியம் என்று சொல்லிவிட்டான். டீச்சருக்கு அதில்தான் சந்தேகம்.

"வேலாயுதம் நல்லவன். ஆனா மைக் கையில வந்துட்டா அவன் வேற ஆளு. நம்ம பேரச் சொல்லி அவன் என்ன பேசுதான்னு ஒரு டிரஸ்டி பக்கத்துலேயே நின்னு பாக்கணும். தப்பாச் சொன்னா நிறுத்தணும். வந்த சரக்கு பத்திரமா வீடு வந்து சேரணும்."

கம்பவுண்டருக்கு ஆஸ்பத்திரி. தையல்கடைக்காரருக்குத் திருவிழாத் துணி. அண்ணாச்சிக்குச் சொந்தச் சூறை. மிச்சம் நான்.

"கோமதிநாயகம், மேற்பார்வை நீங்க பாக்கீங்களா?"

"ம்."

"வாயத் திறந்து சொல்லுங்க."

"ம்ம்."

"அது ரெண்டு 'ம்'. ஒரு வார்த்தை கேக்கேன்."

"பாக்கேன்" என்றேன். வியர்த்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சொல்லையே யோசித்துக்கொண்டு வந்தேன். மேற்பார்வை. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். மேல், பார்வை. மேலே நின்று பார்ப்பது. எங்கள் அண்ணாச்சியும் மூட்டை அடுக்கின் உச்சியில் உட்கார்ந்துதான் எங்களை வேலை வாங்குவார். ஆக, சரியாக இருந்தது. வடிவிடம் கேட்டேன்.

"வேற என்ன? மேல நின்னு பாக்கதுதான்" என்றாள். இரண்டு பேரும் ஐந்தாம் வகுப்பு. ஒரே தீர்ப்பு.

தபசு அன்று காலையிலேயே வண்டியைக் கொண்டுபோய்த் தபசு மண்டபத்துக்குச் சற்று தள்ளி நிறுத்தினோம். மாட்டை அவிழ்த்துக் கடைக்கு அனுப்பியாயிற்று. இருப்புக்கொள்ளவில்லை. ஆடிக்காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. ஒவ்வொரு காற்றுக்கும் எனக்கு விடுதிக் கூரையிலிருந்து ஓர் ஓலை போகிற மாதிரி இருந்தது. வண்டியைச் சுற்றி நடந்தேன். எதிர்ப் பக்கமாகவும் நடந்தேன். சாக்குக் கட்டை அவிழ்த்துக் கட்டினேன். கட்டியதை மறுபடி அவிழ்த்தேன். ஒரு ஆடு சாக்கைக் கடிக்க வந்தது. விரட்டினேன். மறுபடி வந்தது. மூன்று தடவையும் நான்தான் ஜெயித்தேன். அன்று நான் ஜெயித்தது அது ஒன்றுதான்.

பக்கத்தில் வேலாயுதம் காலையிலிருந்தே வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான்.

"விவசாயப் பெருமக்களே! அம்பாளுக்கு ஒரு கை! ஆதரவற்ற விடுதிப் பிள்ளைகளுக்கு ஒரு கை!"

ஆதரவற்ற என்று டீச்சர் சொல்லச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கெல்லாம் அப்பா அம்மா உயிரோடு இருந்தார்கள். நான் நிறுத்தியிருக்க வேண்டும். அவன் பக்கம் பார்த்து "ம்?" என்று ஒரு கேள்வி போட்டேன். அவன் பாராட்டுகிறேன் என்று எடுத்துக்கொண்டான். அடுத்த தடவை 'அனாதரவான' என்று ஏற்றிச் சொன்னான்.

ஆனால் ஜனங்கள் கொடுத்தார்கள். மேலநீலிதநல்லூரிலிருந்து வந்தவர்கள் பருத்தி கொடுத்தார்கள். ராயகிரிக்காரர்கள் வத்தல். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு பெரியவர் கடலையை மடியிலிருந்து எடுத்துக் கொட்டிவிட்டு, "பிள்ளைங்க படிப்புக்குத்தான வே? சரியாப் போய்ச் சேருமா?" என்று கேட்டார்.

"ம்" என்றேன்.

பதினொரு மணிக்கு நாலு மூட்டை. மத்தியானம் எட்டு. டீச்சர் ஒரு தடவை வந்து பார்த்தார்.

"வேலாயுதம் சரியாச் சொல்லுதானா?"

"ம்."

"வெயில்ல நிக்கீங்களே, மோராவது குடிச்சீங்களா?"

"ம்." (குடிக்கவில்லை.)

சாயங்காலம் பன்னிரண்டு மூட்டை. ஐந்து வத்தல், நாலு பருத்தி, மூன்று கடலை. எனக்குக் கையால் தூக்கினாலே எடை தெரியும். மனசுக்குள் ஓடுகளை அடுக்கிப் பார்த்தேன். கூரை முழுக்க வந்தது. ஓரத்தில் ஒரு வரிசை மிச்சம்கூட இருந்தது. டீச்சர், கூட்டம் சேருவதற்குள் இன்னும் நாலு பேரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி மேல வீதிப் பக்கம் போனார்.

சாமி வரும் நேரம் ஆயிற்று. கூட்டம் வண்டியை நெருக்கியது. கீழே நின்றால் தலைகள்தான் தெரிந்தன. சரக்கு தெரியவில்லை. அப்போதுதான் என் கடமை ஞாபகம் வந்தது.

மேற்பார்வை.

வண்டியில் ஏறினேன். மூட்டை அடுக்கின் உச்சிக்குப் போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இப்போது நீங்கள் அந்த வீதியில் இருந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆடித்தபசு. சாமி வரும் நேரம். மண்டபத்துப் பக்கத்தில் ஒரு வண்டி. வண்டி நிறைய வத்தலும் பருத்தியும். அதற்கு மேலே வேட்டியை மடித்துக் கட்டி ஒருத்தன் நிற்கிறான். அவன் எதற்கு நிற்கிறான் என்று உங்களுக்குத் தோன்றும்? ஊர் முழுவதற்கும் அதுதான் தோன்றியது. எனக்கு மட்டும் தோன்றவில்லை.

வேலாயுதத்துக்கும் தோன்றியிருக்கிறது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கீழே இருந்து என்னவோ கத்தினான். மேளம், அதிர்வேட்டு, ஜனச்சத்தம். அவன் வாய் அசைவதுதான் தெரிந்தது. (அவன் கேட்டது என்னவென்று பிற்பாடு அவனே என்னிடம் அழுதுகொண்டு சொன்னான். "காலையிலேருந்து வாங்குத வண்டி அண்ணாச்சி! சாமி வரும்போது அம்பாளுக்கு விடாம வச்சிருந்தா ஊரு என்ன சொல்லும்? சூறை விட்டுருவமா?")

"ம்" என்றேன்.

அவன் மறுபடி கத்தினான். ("ஒரு கைப்பிடியா, முழுசுமா?")

ஒரு கைப்பிடியா முழுசுமா என்று கேட்டால், 'ம்' என்பது பதிலே இல்லை. அது எனக்கும் தெரியும். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"ம்" என்றேன். தலையை வேறு ஆட்டித் தொலைத்தேன்.

அவன் முகம் மலர்ந்தது. மைக்கைத் திறந்தான்.

"பக்த கோடிகளே! இதோ! இதுவரைக்கும் சங்கரன்கோவில் கண்டிராத சூறை! விடுதி டிரஸ்டி கோமதிநாயகம் அண்ணாச்சி, பன்னிரண்டு மூட்டையையும் முழுசா அம்பாளுக்கு விடுதாங்க! முழுசா!"

என் பெயர் ஒலிபெருக்கிக் குழாயில் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. (உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.) அதற்குள் நாலு வாலிபர்கள் வண்டியில் ஏறிவிட்டார்கள்.

"தள்ளிக்கிடும் அண்ணாச்சி, உம்மால முடியாது. நாங்க விடுதோம்!"

முதல் கடலை மூட்டையின் வாய் அவிழ்ந்தது. கை கையாக வானத்துக்குப் போனது. கீழே ஆயிரம் கை. நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சொல் என் தொண்டைக்குப் பழக்கமில்லை. அதைக் கத்திச் சொன்ன ஞாபகமே எனக்கு இல்லை. நான் வருஷக்கணக்காக உரக்கக் கத்திய சொல் ஒன்று இருந்தது. அவசரத்தில் வாய் பழகின பக்கம்தான் போனது.

"லாபம்!" என்று கத்தினேன்.

கூட்டம் ஒரு கணம் நின்றது. அப்புறம் ஆரவாரம் பாருங்கள்.

"கேட்டியாலே! அண்ணாச்சி லாபம்னு சொல்லி விடுதாரு! எல்லாத்துக்கும் லாபம்லே!"

"லாபம் சொல்லி விடுதாங்க அண்ணாச்சி!" என்று வேலாயுதம் குழாயில் திருப்பிச் சொன்னான். வீதியின் அந்தக் கடைசியிலிருந்தும் ஓடி வந்தார்கள்.

பருத்தி மூட்டை போனது. "ரெண்டு!" என்று கத்தினேன். கத்தக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு மூட்டை என் கண் முன்னால் போகிறது, நான் எண்ணாமல் எப்படி இருப்பேன்? "மூணு!" காற்று பஞ்சைத் தூக்கிக் கோபுரத்துப் பக்கம் கொண்டுபோனது. "நாலு!" நாலாவது, வத்தல். ஒருவன் தையலை ஒரே இழுப்பில் உருவினான். ஆடிக்காற்றும் வத்தலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கமிஷன் கடைக்காரனுக்குத் தெரியும். தெற்கு ரத வீதி முழுக்கத் தும்மியது. போலீஸ்காரர் தும்மினார். நாயனக்காரர் ஊதிக்கொண்டிருந்தபடியே தும்மினார். அதுகூடச் சுதி விலகாமல் வந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். வேலாயுதம் மைக்கிலேயே ஏழு தும்மல் தும்மினான். எட்டாவதில் மைக் நின்றுவிட்டது.

பன்னிரண்டு வரைக்கும் நான் எண்ணினேனாம். எனக்கு நினைவில்லை. எண்ணித்தான் இருப்பேன். என் கையில் எண்ணாமல் ஒரு மூட்டையும் போனதில்லை.

டீச்சர் வந்தபோது கூட்டம் சாமிக்குப் பின்னால் போயிருந்தது. நான் காலி வண்டியில் நின்றுகொண்டிருந்தேன். சாக்குகூட மிஞ்சவில்லை. தலையில் பஞ்சு. கண்ணிலிருந்து தண்ணீர். (வத்தல் நெடி. வேறொன்றுமில்லை என்றுதான் வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்.)

"கோமதிநாயகம், மூட்டை எங்க?"

"சூறை."

"எது?"

"எல்லாம்."

"யாரு விடச் சொன்னது?"

"நான்."

"நீங்களா? என்ன சொன்னீங்க?"

"ம்."

"என்ன சொன்னீங்கன்னு கேக்கேன்."

"அதான் டீச்சர். ம்."

டீச்சர் வண்டியின் ஏர்க்காலில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. வெறும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒன்று சொன்னார்.

"ம்."

என் எழுத்து அடுத்தவர் வாயிலிருந்து வந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் கூட்டம். போகும் வழியில் பேச்சி விடுதி வாசலில் நின்றாள். ஊர் முழுக்கச் செய்தி போயிருந்தது.

"மாமா, அப்போ நாங்க வீட்டுக்குப் போணுமா?" என்றாள். நாள் முழுக்கப் பேசும் பிள்ளை, அவ்வளவுதான் பேசியது.

எனக்கு 'ம்' கூட வரவில்லை.

கூட்டத்தில் முறுக்கு இல்லை. "நான் வெலகிக்கிடுதேன்" என்றேன். என் வாழ்க்கையிலேயே கூட்டத்தில் நானாக எழுந்து பேசியது அதுதான்.

"நீங்க வெலகுனா ஓடு வந்துருமா?" என்றார் டீச்சர்.

"விடுங்க டீச்சர், அம்பாளுக்குத்தான போச்சு" என்றார் அண்ணாச்சி.

"அம்பாள் கேக்கலையே. குடுத்தவங்க பிள்ளைங்களுக்குன்னு சொல்லிக் குடுத்தாங்க. வேற எடத்துக்குப் போயிருச்சுன்னா, போயிருச்சுன்னு அவங்க மொகத்தப் பாத்துச் சொல்லணும். மேற்பார்வைன்னா அதுதான். வண்டி மேல ஏறி நிக்கது இல்ல."

அப்படியா என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். அதை முந்தின கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாம்.

மூலையில் நின்ற வேலாயுதம், "நான் மைக்குல சொல்லிருதேன் டீச்சர்" என்றான்.

"நீ வாயத் திறக்கப்படாது."

நாலு டிரஸ்டிகளும் என்னைப் பார்த்தார்கள்.

கடையில் லீவு போட்டேன். சைக்கிளை எடுத்தேன். முதலில் மேலநீலிதநல்லூர். பருத்தி கொடுத்த சுடலைமுத்து வீட்டு முன்னால் போய் நின்றேன். சொல்ல வந்ததை மிதிக்கிற மிதிக்கெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஆளைப் பார்த்ததும் துண்டை எடுத்தேன், போட்டேன். சைக்கிள் மணியைத் துடைத்தேன். அவரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"என்ன வே, யாரும் செத்துட்டாங்களா?"

"இல்ல. நீரு குடுத்த பருத்தி போச்சு. சூறைன்னு நெனச்சிட்டாங்க. நான்தான் காரணம்."

"நீரு என்ன செஞ்சீரு?"

"ம்னு சொன்னேன்."

"புரியல. மொதல்ல இருந்து சொல்லும்."

முதலிலிருந்து சொன்னேன். மேற்பார்வை பார்க்க ஏறி நின்றது, அவன் கேட்டது, நான் 'ம்' போட்டது, லாபம் என்று கத்தியது. மனுஷன் முகத்தில் ஒரு அசைவு இல்லை. முடித்ததும் உள்ளே திரும்பி, "ஏட்டி, அடுப்ப அணைச்சிட்டு வா. இவரு சொல்லுதத வந்து கேளு" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இன்னொரு மட்டம் சொல்லும். அந்த லாபத்த மட்டும் அன்னைக்கி மாதிரியே கத்திச் சொல்லணும்" என்றார்.

கத்தினேன். அந்த அம்மாள் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். மூன்றாவது தடவை சொன்னேன். கிளம்பும்போது சைக்கிளில் ஒரு சாக்குப் பருத்தி கட்டியிருந்தது.

இப்படியே ஊர் ஊராகப் போனேன். எல்லா இடத்திலும் சிரிக்கவில்லை. கரிவலம்வந்தநல்லூர்ப் பெரியவர், மடியிலிருந்து கடலை கொட்டினாரே, அவர் சிரிக்கவே இல்லை. "சரியாப் போய்ச் சேருமான்னு உம்மட்டதான வே கேட்டேன்? நீரு என்ன சொன்னீரு?" என்றார். 'ம்' என்று சொன்னேன் என்றேன். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். வாய் எதுக்கு இருக்கு?" அவர் மறுபடி எதுவும் தரவில்லை. தராதது நியாயம். அவர் கேட்ட கேள்விதான் மற்றவர்கள் தந்த மூட்டையை விட எடை கூடுதல்.

ராயகிரியில் ஒரு அம்மாள், "எங்க வீட்டுல நாலு பேரும் ராத்திரி வரைக்கும் தும்முனோம். அந்தப் புண்ணியவான் நீருதானா?" என்று கேட்டுவிட்டு அரை மூட்டை வத்தல் தந்தாள். "வாயத் தச்சிருக்கேன். சாக்கு வாயச் சொன்னேன். உம்ம வாயத் திறந்தே வையும்."

புரட்டாசி முடிய அலைந்தேன். என் ஆயுசில் பேசியதை எல்லாம் கூட்டினாலும் அந்த இரண்டு மாதத்துக்குக் காணாது. கடைசியில் கிடைத்தது ஆறு மூட்டைச் சொச்சம். ஓடு பாதிக் கூரைக்குத்தான் வந்தது. மேற்கே ஓடு, கிழக்கே பழைய ஓலை. பார்ப்பதற்குப் பாதித் தலை சிரைத்த மாதிரி இருக்கும். ஐப்பசி மழைக்குப் பதினான்கு பிள்ளைகளும் மேற்குப் பக்கம் நெருக்கிக்கொண்டு படுத்தார்கள். கிழக்குப் பக்கம் சட்டி பானைகள் நனைந்தன. ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போகவில்லை. மறு வருஷம் கிழக்கேயும் ஓடு ஏறியது. அந்த வருஷத் தபசுக்கும் வண்டிப் பக்கத்தில் என்னைத்தான் நிறுத்தினார்கள். தரையில்.

டீச்சர் டிரஸ்ட் தீர்மான நோட்டில் ஒரு வரி சேர்த்தார். 'இனி எந்த டிரஸ்டியும் "ம்" என்று சொல்வது சம்மதமாகக் கொள்ளப்படாது.' அந்தத் தீர்மானத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதும் நான் 'ம்' என்றுதான் சொன்னேனாம். அதையும் எழுதி, பக்கத்தில் கையெழுத்து வாங்கி வைத்துவிட்டார்.

டீச்சர் இப்போது இல்லை. பேச்சி அந்த விடுதியிலிருந்தே படித்து முடித்து, டீச்சராகி, ஹெட்மாஸ்டராகி, ஓய்வும் பெற்றுவிட்டாள். அந்த டிரஸ்டில் இன்றைக்கு அவள்தான் செயலாளர். புதிதாக ஒரு டிரஸ்டி வந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவாள். "மாமா, சொல்லுங்க" என்பாள். எண்பது வயதில் நான் எழுந்து நின்று லாபம் என்று கத்த வேண்டும்.

வீட்டில் அதற்கு மேல். வடிவு சோறு போடும்போது ரசம் ஊற்றட்டுமா என்பாள். ம் என்பேன். "ஒரு கைப்பிடியா, முழுசுமா?" என்று வீடே கோரஸாகக் கேட்கும். என் மகள் கல்யாணத்தில் சம்பந்தி, எல்லார் முன்னாலும், "சம்மதம்தானே?" என்று கேட்டார். பழக்கதோஷம், "ம்" என்றுவிட்டேன். பந்தலில் பாதிப் பேர் எழுந்து நின்று அதையே கேட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பயந்துபோனார்கள்.

இதை நாலு நாளாக எழுதினேன். நேற்று பேச்சியிடம் கொடுத்தேன். அவள் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டே வாசித்தாள். சில இடத்தில் சிரித்தாள். விடுதி வாசலில் அவள் கேட்டதை எழுதியிருந்த இடத்தில் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"மாமா, இதப் பத்திரிகைக்கு அனுப்பட்டுமா?"

"ம்" என்றேன்.

அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"கொஞ்சமா, முழுசுமா?"

"முழுசும்" என்றேன். வாயைத் திறந்துதான் சொன்னேன்.